உறையில் எழுதிய நேரம்

யோகன் தன் தாயின் இறுதிக் கிரியைக்குப் பிந்திப் போனதற்குக் காரணம் நான். அவன் குடித்திருக்கவில்லை. எங்கேயும் படுத்துத் தூங்கிவிடவும் இல்லை. நான் எழுதிக் கொடுத்த நேரப்படி நடந்தான், அவ்வளவுதான். அது தெரிந்திருந்தும், பழி அவன் மேல் விழும்படி நான் ஒரு வசனம் சொன்னேன். பிறகு பதினொரு ஆண்டுகள் வாய் திறக்கவில்லை.

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பயண முகவர் தொழிலில் கண்டதை எழுதித் தரும்படி கேட்டார்கள். "இளம் பிள்ளையளுக்குப் பயன்படும் மாஸ்ரர்" என்றார்கள். கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டு விமான நிலையத்திலிருந்து அழைத்தவர்கள், சூட்கேஸ் முழுக்கப் பனங்கிழங்கு ஒடியல் மாவோடு சுங்கத்தில் நின்றவர்கள் என்று சிரிக்கக்கூடிய கதைகளைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அவையும் என்னிடம் உண்டு. ஆனால் இதை விட்டுவிட்டு அவற்றை எழுதக் கை வரவில்லை. யோகனின் பெயரை மாற்றவில்லை. மாற்ற வேண்டாம் என்று அவனே சொன்னான்.

1. ஒஸ்லோ, ரெண்டு அஞ்சு

யாழ்ப்பாணத்தில் நான்கு ஆண்டுகள் பூகோளம் படிப்பித்தவன் நான். லண்டன் வந்து சில வேலைகள் பார்த்த பின், லூயிஷாமில் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு மேசையோடு ஒரு விமான ரிக்கற் கடை போட்டேன். படிப்பித்த காலத்து 'மாஸ்ரர்' என்ற பெயர் கடைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. என்னிடம் ஒரு வித்தை இருந்தது. எங்கள் ஆட்கள் போய்வரும் ஐரோப்பிய நகரங்களின் தூரமும் பறக்கும் நேரமும் எனக்கு மனப்பாடம். கதிரையில் காத்திருப்பவர்கள் பொழுதுபோக்காகச் சோதிப்பார்கள்.

"மாஸ்ரர், சூரிச்?"

"ஒண்டு நாப்பது."

"பாரிஸ்?"

"ஒண்டேகால். பெல்ற்றைப் பூட்டிப்போட்டு நிமிர, இறங்கச் சொல்லுவாங்கள்."

"ஒஸ்லோ?"

"ரெண்டு அஞ்சு. ஆகாயத்தாலை ஆயிரத்து நூற்றைம்பது கிலோமீற்றர்."

"கூகிள் தோத்துது போ!"

அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. கம்பியூட்டர் திரையைப் பார்க்காமல் பதில் சொல்வதை ஒரு கௌரவமாகவே வைத்திருந்தேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. விமானச்சீட்டில் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரமாகவே அச்சாகியிருக்கும். வயதான பயணிகள் அதில் குழம்புவார்கள். "ரெண்டு மணித்தியாலப் பயணமெண்டியள், மூண்டு மணித்தியாலமெல்லோ போட்டிருக்கு" என்று சண்டைக்கு வருவார்கள். ஆகவே சீட்டை வைத்துக் கொடுக்கும் உறையில் பயணம் முழுவதையும் லண்டன் நேரத்திலேயே கையால் எழுதிக் கொடுப்பேன். "மணிக்கூட்டைத் தொடாதேங்கோ. உறையிலை கிடக்கிறபடி போங்கோ" என்பேன். போய் இறங்கும் இடத்தில் மகனோ மருமகனோ காத்து நிற்பார்கள். ஒரு மணித்தியால வித்தியாசம் யாரையும் கடித்ததில்லை. சீட்டைத் தொலைத்தவர்கள்கூட உறையைத் தொலைக்க மாட்டார்கள்.

2. செவ்வாய்க்கிழமை

யோகனுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. சட்டன் பக்கம் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒஸ்லோவுக்குப் போய்த் தாயின் கையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டு வந்து அடியோடு விட்டவன். இரண்டும் ஊருக்கே தெரியும். தாய் ஒஸ்லோவில் மகள் சாந்தியோடு இருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேலை உடுப்போடே கடைக்குள் வந்தான்.

"அம்மா போட்டா மாஸ்ரர்."

எழும்பிப் போய் அவன் தோளைப் பிடித்தேன். வியாழன் பகல் பன்னிரண்டரைக்குக் கிரியை, தகன மண்டபத்தில் முக்கால் மணித்தியாலம்தான் தருவார்கள், அடுத்த குடும்பம் வாசலில் நிற்கும் என்றான். ஒரே மகன். கொள்ளி வைக்க வேண்டியவன்.

"நாளைக்கே போகட்டோ மாஸ்ரர்? நாளைக்குப் பின்னேர ஷிப்ட் கிடக்கு. மனேஜர் லீவு தாறதுக்கு முகத்தைச் சுழிக்கிறான். சண்டை பிடிச்செண்டாலும் எடுக்கிறன்."

புதன் மத்தியானம் ஒஸ்லோவின் பெரிய விமான நிலையத்துக்கு இடம் இருந்தது. வியாழன் காலை ஏழரைக்கும் ஒன்று இருந்தது. அது ஒஸ்லோ என்று பெயர் போட்டாலும் நகரத்திலிருந்து நூற்றுப் பத்துக் கிலோமீற்றர் தள்ளியுள்ள ஒரு சிறிய விமான நிலையத்துக்குப் போவது. அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றே முக்கால் மணித்தியாலம்.

"ஏன் தம்பி வேலையிடத்திலை வில்லங்கப்படுறீர்? ஒஸ்லோ என்ன, ரெண்டு மணித்தியாலம். நீர் ஷிப்ட்டை முடிச்சிட்டு வியாழன் காலமை வெளிக்கிடும். நேரத்துக்கு முன்னமே போய் நிப்பீர்" என்றேன்.

உறையை எடுத்து எழுதினேன். 7.30 புறப்படல். 9.30 இறக்கம். 10.00 பஸ். 11.45 ஒஸ்லோ பஸ் நிலையம். அதன் கீழே 12.30 கிரியை. அடியில் ஒரு கோடும் போட்டேன்.

முதல் நான்கும் லண்டன் நேரம். கடைசியில் எழுதியது ஒஸ்லோ நேரம். ஒரே உறையில், ஒரே பேனாவால், ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன்.

பக்கத்து மேசையில் ரஜனி இருந்தாள். என்னோடு ஆறு ஆண்டுகள் வேலை செய்தவள்.

"மாஸ்ரர், செத்தவீட்டுப் பயணம். ஒருக்கா சிஸ்ரத்தோடை ஒத்துப் பாக்கட்டே?"

"நெடுங்கோட்டிலை பதினைஞ்சு பாகைக்கு ஒரு மணித்தியாலமெண்டு நான் வகுப்பெடுக்கேக்கை நீர் பிறந்திருக்கேல்லைப் பிள்ளை" என்றேன்.

அந்தத் துக்கத்திலும் யோகன் கொஞ்சம் சிரித்தான். உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

3. வெள்ளிக்கிழமை வந்த தொலைபேசி

வெள்ளி காலையில் சாந்தியின் கணவர் ஒஸ்லோவிலிருந்து எடுத்தார். நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர்.

"மாஸ்ரர், கோவிக்காதேங்கோ. யோகன் நேற்று வந்து சேரேக்கை எல்லாம் முடிஞ்சுது. மண்டபத்துக்காரன் பத்து நிமிசம் பாத்தான், பேந்து ஏலாதெண்டிட்டான். பெரியப்பான்ரை பெடியன்தான் கொள்ளி வைச்சவன். ரிக்கற்றிலை ஏதும் பிழை நடந்ததோ?"

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ரஜனி பதிவைத் தேடி எடுத்து, திரையை என் பக்கம் திருப்பினாள். இறக்கம் 10.30. என் உறையில் நான் எழுதியது 9.30. எனக்கு விளங்க ஒரு நொடி போதுமாக இருந்தது. அந்த ஒரு நொடியில் கடைக்குள் இருந்த இரண்டு வாடிக்கையாளரையும் பார்த்தேன். இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ரை பக்கம் பிழையில்லைத் தம்பி. விமானமும் நேரத்துக்குத்தான் இறங்கியிருக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஆள் ஷிப்ட் முடிச்ச கையோடை போனவர். என்ன நிலையிலை போனாரோ, ஆருக்குத் தெரியும்?"

அவர் "ஓம்... விளங்குது மாஸ்ரர்" என்றார்.

ரஜனி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பின்னேரம் கடை பூட்டும்போது, "திருப்பி எடுத்துச் சொல்லுங்கோ மாஸ்ரர். இண்டைக்கே சொன்னாப் பிழையெண்டு போயிடும். நாளைக்கு அது பொய்" என்றாள். நான் திறப்பைத் தேடுவதுபோல் நின்றேன். அடுத்த மாதம் அவள் கவுன்சிலில் வேலை எடுத்துக்கொண்டு போனாள்.

4. திங்கட்கிழமை

யோகன் வந்து உறையையும் சீட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"நோர்வேக்கு ஒரு மணித்தியாலம் கூடவெண்டு எனக்குத் தெரியும் மாஸ்ரர். நீங்கள் அதையும் பாத்துத்தான் எழுதியிருப்பியள் எண்டு நினைச்சன். மணிக்கூட்டைத் தொடாதேயுங்கோ எண்டு எல்லாருக்கும் சொல்லுறனீங்கள்தானே. நான் தொடேல்லை."

விமானத்தில் அயர்ந்து தூங்கியிருக்கிறான். கைத்தொலைபேசி அங்கே வேலை செய்யவில்லை. பஸ் நிலையத்தில் இறங்கியபோது அவன் மணிக்கூட்டில் 11.45. உறையோடு அச்சாக ஒத்தது. முக்கால் மணித்தியாலம் மிச்சம் என்று நினைத்தான். கொள்ளி வைக்கிறவன் தாடியை எடுத்து முகம் வழித்து வேட்டி கட்ட வேண்டும். ஆகவே கழிப்பறைக்குள் போய் அவசரமில்லாமல் முகம் வழித்து, வேட்டி மாற்றி, திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தான். அப்போதுதான் சுவரில் இருந்த பெரிய மணிக்கூட்டைப் பார்த்தான். ஒன்று பத்து.

"நேரை போயிருந்தால் கொள்ளி வைக்காட்டிலும் முகமெண்டாலும் பாத்திருப்பன். ஒழுங்காப் போகவேணுமெண்டு வழிச்சுக்கொண்டு நிண்டிட்டன் மாஸ்ரர்."

கடையில் அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை சொன்ன பொய் ஏற்கெனவே ஒஸ்லோவுக்குப் போய்விட்டது. இனித் திரும்ப வழியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"உறையிலை நான் லண்டன் நேரம் எழுதுறது எல்லாருக்கும் தெரியும் தம்பி. ரிக்கற்றிலை சரியா அடிச்சிருக்கே. அதை வாசிச்சிருக்க வேணும்" என்றேன்.

காத்திருந்த ஒருவர், "மாஸ்ரர் பிழை விடுவாரே? உமக்குத்தான் அண்டைக்குத் தலை நிதானத்திலை இருந்திராது" என்றார்.

யோகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். உறையை நான் மேசை இழுப்பறைக்குள் போட்டேன். ஏன் கிழிக்கவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

5. மணம்

யோகன் குடிவெறியில் போய்த் தாயின் கொள்ளியைத் தவறவிட்டான் என்ற கதை மூன்று மாதத்தில் லண்டனுக்குத் திரும்பி வந்தது. என் கடையில் வைத்தே அதை எனக்குச் சொன்னார்கள். நான் உச்சுக் கொட்டினேன்.

சாந்தி தமையனோடு கதைப்பதை நிறுத்தினாள். தன் மகளின் கல்யாணத்துக்கு அவனுக்குச் சொல்லவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் வேறொருவர் நின்றார்.

சில ஆண்டுகள் கழித்து, விம்பிள்டனில் ஒரு பிறந்தநாள் விருந்தில் யோகனைக் கண்டேன். யாரோடு பேசினாலும் மிகக் கிட்டப் போய் நின்று, முகத்துக்கு நேரே வாயைத் திறந்து பேசினான். ஒரு பெண் பின்னால் நகர்ந்தாள். அவன் மறுபடி ஓரடி முன்னால் வந்தான். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தன் வாயில் மணம் இல்லை என்பதை ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். நான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

6. சட்டன்

போன ஆண்டு கடையைப் பூட்டினேன். எல்லாரும் கைத்தொலைபேசியிலேயே பதிவு செய்கிறார்கள், கடைக்கு வேலை இல்லை. மேசையை ஒதுக்கும்போது இழுப்பறையின் அடியில் அந்த உறை கிடந்தது. மை கொஞ்சம் மங்கியிருந்தது. 12.30-இன் கீழே நான் போட்ட கோடு மட்டும் பளிச்சென்று இருந்தது.

அடுத்த ஞாயிறு சட்டனில் யோகன் இருக்கும் ஒற்றை அறை பிளாட்டுக்குப் போனேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, அண்டைக்குப் பிழை விட்டது நான்தான்."

"தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"பஸ் நிலையத்து மணிக்கூட்டைப் பாத்த உடனை."

"பேந்து ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆர் சொல்லேல்லை? எல்லாருக்கும்தான் சொன்னன். மாஸ்ரர் பிழை விடமாட்டார் எண்டிச்சினம்."

அதோடு எழும்பி வந்திருந்தால் அவன் என்னை மன்னித்துக்கூட இருப்பான் என்று நினைக்கிறேன். ஆனால் மற்றதையும் சொல்லத்தான் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை அவன் மைத்துனருக்கு நான் சொன்ன வசனத்தை, சொல் மாற்றாமல் சொன்னேன்.

யோகன் எழும்பிப் போய் அடுப்பை நிறுத்தினான். திரும்பி வராமல் அங்கேயே நின்றான்.

"அதை நீங்களோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

"நான் மச்சான் கட்டின கதையெண்டெல்லோ இருந்தன். இத்தினை வருசமும் அந்தாளைத்தான் திட்டினனான். முந்தின வருசம் அவர் செத்தவர், தெரியுமோ? அந்தச் செத்தவீட்டுக்கும் நான் போகேல்லை. என்ரை தங்கச்சி தனிய நிண்டவள். நான் போகேல்லை."

இது எனக்குத் தெரியாது. அவர் இறந்ததே தெரியாது.

மன்னிப்பு என்று வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அதை விடுங்கோ. சாந்தியிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. போனிலை வேண்டாம். முன்னுக்கு நிண்டு சொல்லுங்கோ."

7. ஒஸ்லோ

போனேன். இரண்டு மணித்தியாலம் ஐந்து நிமிடம். இத்தனை ஆண்டு வாயால் சொன்ன தூரத்தை ஒருமுறையும் நான் பறந்து பார்த்ததில்லை. இறங்கியதும் கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்தேன்.

சாந்தி கதவைத் திறந்து இருக்கச் சொன்னாள். உறையை அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்த ஐந்து வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.

"அண்டைக்கு அண்ணா வாசல்லை வந்து நிண்டவர். புதுசா வழிச்ச முகம். கன்னத்திலை ஒரு வெட்டு, ரத்தம் காயேல்லை. அப்ப நாங்கள் ஒண்டும் நினைக்கேல்லை மாஸ்ரர். பாவமெண்டுதான் நினைச்சம். நீங்கள் சொன்னாப் பிறகுதான் அந்த வெட்டு எங்களுக்கு வேறை மாதிரித் தெரிஞ்சது. கை நடுங்கி வெட்டியிருக்கிறான் எண்டு இவர் சொன்னவர். நானும் ஓம் எண்டனான்."

"பிழை என்ரை, பிள்ளை. அண்ணாவை எடுத்துக் கதையும்."

"என்ன எண்டு கதைக்க? உறையை எழுதினது நீங்கள். கதவைச் சாத்தினது நானெல்லோ?"

உறையை அவள் திருப்பித் தரவில்லை. குடிக்க ஏதும் வேண்டுமா என்று கேட்கவில்லை. வாசல் வரை வந்து, நான் சப்பாத்து மாட்டும் வரை நின்றாள்.

உண்மையைச் சொல்லிவிட்டால் அண்ணனும் தங்கையும் சேர்ந்துவிடுவார்கள் என்று நம்பித்தான் திரும்பி வந்தேன். அப்படி நடக்கவில்லை. ஒரு மாதம் கழித்து யோகன் எடுத்தான்.

"சொன்னனீங்களோ?"

"சொன்னனான் தம்பி. எல்லாம் சொன்னனான்."

"அப்ப ஏன் அவள் எடுக்கேல்லை?"

இரண்டாவது மாதமும் அதே கேள்வியோடு எடுத்தான். மூன்றாவது மாதம் எடுக்கவில்லை.

இதற்கிடையில் தெரிந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். கோயிலிலும் சொன்னேன். "ஒரு மணித்தியாலப் பிழைதானே மாஸ்ரர், பழசை ஏன் கிண்டுறியள்?" என்றார்கள். பெரும்பாலானவர்கள் என் மேல் இரக்கப்பட்டார்கள். யோகன் மேல் இரக்கப்பட்டவர் குறைவு. ஒருவர் மட்டும் என்னோடு பேசுவதை நிறுத்தினார். அவர் செய்ததுதான் சரியென்று எனக்குப் பட்டது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல மூன்று விஷயம் உண்டு. பயணி எந்த ஊரில் இறங்குகிறாரோ அந்த ஊர் நேரத்தை எழுதிக் கொடுங்கள். எவ்வளவு மனப்பாடமாக இருந்தாலும் திரையைப் பார்த்து எழுதுங்கள். பிழை விட்டால் அன்று பின்னேரத்துக்குள் சொல்லிவிடுங்கள். ரஜனி எனக்கு அதைத்தான் சொன்னாள். ஒரு மணித்தியாலப் பிழையைத் திருத்தப் பதினொரு ஆண்டு எடுத்தவன் நான். திருத்தப் போனபோது, அதற்குள் இன்னொரு செத்தவீடும் போய்விட்டிருந்தது.

போன மாதம் யோகனின் தாயின் திவசம். அதற்கு நான்கு நாள் முன் அவன் எடுத்தான். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"சாந்தி எடுத்தவள். திவசத்துக்கு வரச் சொன்னவள்."

"நல்லது தம்பி." பழைய பழக்கம் முந்திக்கொண்டது. "எந்த விமானம்? எத்தினை மணிக்கு இறங்குது? நான் ஒருக்காப் பாத்துச் சொல்லட்டே?"

"வேண்டாம் மாஸ்ரர்" என்றான். "நானே பாத்திட்டன். முதல் நாளே போறன்."

தொலைபேசியை வைத்துவிட்டான்.